தொற்றுக் காலத்தில் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் காலை ஐந்து மணிக்குக் கூடும் எங்கள் ஓட்டக் குழுவின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. வேன் வாடகை, ரயில் டிக்கெட், பந்தயக் கட்டணம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அதனால் 2020 மார்ச்சில் தொடங்கி இரண்டு வருடம், "பேர் கொடுக்கலாமா, கொடுத்த பேரை எடுத்துவிடலாமா" என்ற கேள்வியும் என்னிடமே வந்தது. 2025 மே மாதம் கொரோனா எண்ணிக்கை கொஞ்சம் ஏறுகிறது என்று செய்தி வந்ததும் மறுபடி அதே கேள்விகள், பாதி அதே ஆட்களிடமிருந்து. ஆளாளுக்குத் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இந்த முறை எழுதியே வைத்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. உடம்பைப் பற்றிய இடங்களில் மருத்துவர்கள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணே, கொரோனா நேரத்துல ரேஸுக்குப் பேர் குடுக்கலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் முடியாது, இதில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேர் கொடுப்பது பணத்தைப் பற்றிய முடிவு. அன்றைக்குப் போய் ஓடுவது உடம்பையும் வீட்டையும் பற்றிய முடிவு. முதலாவதை இன்றே எடுக்கலாம். இரண்டாவதைப் பந்தயத்துக்கு முந்தின வாரம்தான் எடுக்க முடியும். நாலு மாதம் கழித்து நோய் எப்படி இருக்கும் என்று ஊகித்தவர்கள் எல்லோரும் தோற்றுத்தான் போனார்கள், நானும் சேர்த்து. 2020 டிசம்பரில் எண்ணிக்கை இறங்கியபோது எல்லாம் முடிந்தது என்று ஷூ வாங்கினோம். 2021 மே 10 அன்று தமிழ்நாடு மறுபடி முழு ஊரடங்குக்குள் போனது.

ஆகவே பேர் கொடுக்கும் நாளில் நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பணம் அப்படியே போனால் வீட்டில் சண்டை வருமா? வராது என்றால் கொடுங்கள். வரும் என்றால் விட்டுவிடுங்கள். போவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டிவிட்டோமே என்பதற்காகக் கிளம்பிப் போனதுதான் இந்த நோட்டில் நான் பார்த்த தவறுகளில் பெரியது. கீழே இன்னும் சில இடங்களில் அது வரும்.

வெட்டவெளியிலதானே ஓடுதோம்? நம்ம ஊர்க் காத்துல கிருமி எப்படி நிக்கும்?

முப்பந்தலில் காற்றாலை சுற்றும் மாவட்டத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடி மாதம் ஓடியவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் வருகிறவன் பேசுவதே காதில் விழாது. திறந்த வெளியில், காற்றோட்டத்தில், ஆட்கள் பிரிந்து ஓடும்போது தொற்றும் வாய்ப்பு மூடிய அறையைவிட மிகவும் குறைவு. அதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் பந்தயம் என்பது ஓடுகிற இரண்டு மணி நேரம் மட்டுமா? சென்னைக்குப் போகும் நம் ஆளின் பயணத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ரயில் ஏறுகிறார், ஏசி பெட்டி, சன்னல் திறக்காது. சனிக்கிழமை பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்க ஒரு மண்டபத்துக்குள் வரிசை. அன்றிரவு காசை மிச்சம் பிடிக்க நாலு பேர் ஒரே லாட்ஜ் அறையில். ஞாயிறு விடிவதற்கு முன் புறப்படும் இடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்க வேண்டும், மேடையில் ஒருவர் ஜும்பா ஆடச் சொல்லிக் கத்துவார், கூட்டமும் சேர்ந்து கத்தும். ஓடி முடித்ததும் உப்புமா வரிசை. இரவு மறுபடி ரயில். இத்தனையிலும் பயம் குறைவான பகுதி, ஓடிய அந்த இரண்டு மணி நேரம்தான்.

இன்னொன்று. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுத்துவிடுகிற நெஞ்சு, வேகமாக ஓடும்போது அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இழுத்துவிடும். ஆகவே ஓட்டம் முடியும் கோட்டில் கும்பலாக நின்று மூச்சு வாங்குவதும் செல்ஃபி எடுப்பதும் நல்ல யோசனை இல்லை. பேர் கொடுக்கும் முன் இந்தப் பட்டியலில் எதையெல்லாம் வெட்ட முடியும் என்று பாருங்கள். இரவு இரண்டு மணிக்குச் சொந்த வண்டியில் கிளம்பி, ஓடிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடிகிற திருநெல்வேலி ஓட்டமும், இரண்டு இரவு வெளியே தங்க வேண்டிய சென்னை ஓட்டமும் ஒன்றல்ல, இரண்டும் அதே 21 கிலோமீட்டராக இருந்தாலும்.

ரேஸ் ரத்தாயிட்டா கட்டின பணம் திரும்ப வருமா?

பெரும்பாலும் வராது. வரும் என்று நம்பிப் பேர் கொடுக்காதீர்கள். நடத்துகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. டி-ஷர்ட், பதக்கம், டைமிங் சிப், மேடை, முன்பணம் என்று மூன்று மாதம் முன்பே பணம் செலவாகிவிடுகிறது. 2020 மார்ச் 1 அன்று நடந்த டோக்கியோ மாரத்தானில் உயர்நிலை வீரர்களை மட்டும் ஓடவிட்டார்கள். பேர் கொடுத்திருந்த ஏறத்தாழ 38,000 பொது ஓட்டக்காரர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். கட்டணம் திரும்பவில்லை. அடுத்த வருடம் ஓட இடம் உண்டு, ஆனால் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும் என்றார்கள். அதே வருடம் பாஸ்டன் மாரத்தான் ரத்தானபோது கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். இரண்டுமே உலகப் புகழ் பெற்ற பந்தயங்கள். பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, விதிகளைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

விதிகளில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்: ரத்தானால் என்ன, தேதி தள்ளினால் என்ன, நானே வர முடியாமல் போனால் என்ன. மூன்றாவதை அநேகமாக யாரும் படிப்பதில்லை. ஓட்டம் குறித்தபடி நடந்து, எனக்கு மட்டும் காய்ச்சல் என்றால் பல பந்தயங்களில் ஒரு பைசா கிடையாது. "அடுத்த வருடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று எழுத்தில் இருந்தால் அது நல்ல பந்தயம். போனில் சொன்னார்கள் என்பது கணக்கில் சேராது.

என் சொந்தக் கதை: 2020 தொடக்கத்தில் மூன்று ஓட்டங்களுக்கு மொத்தம் 4,350 ரூபாய் கட்டியிருந்தேன். ஒருவர் அடுத்த வருடத்துக்கு வரவு வைத்தார். ஒருவர் மின்னஞ்சலுக்குப் பதிலே போடவில்லை. மூன்றாமவர், நடக்காத ஓட்டத்துக்கான டி-ஷர்ட்டையும் பதக்கத்தையும் கூரியரில் அனுப்பிவைத்தார். "வெற்றிகரமாக முடித்தவர்" என்று அதில் பொறித்திருக்கிறது. இப்போது அதில் மோட்டார் ரூம் சாவி தொங்குகிறது.

சீக்கிரம் கட்டினா குறைவுன்னு போட்டிருக்காங்க. கடைசி நேரம் வரை காத்திருந்தா நஷ்டந்தானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்கூட்டிக் கட்டினால் 1,200, கடைசியில் 1,600 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஓட்டத்துக்கு முன்பே கட்டினால் 4,800. அந்த நாலில் ஒன்று ரத்தாகிறது. காத்திருந்தவர் ரத்தானதற்குக் கட்டியிருக்க மாட்டார், மூன்றுக்கு மட்டும் 1,600 வீதம் 4,800 கட்டுவார். சரிக்குச் சரி. ஆக, நாலில் ஒன்றுக்கு மேல் ரத்தாகும் காலம் என்று உங்களுக்குத் தோன்றினால் காத்திருப்பதே லாபம். 2020, 2021 இரண்டு வருடத்திலும் எங்கள் நோட்டில் நாலுக்கு மூன்று ரத்து.

நல்ல காலத்தில் இடம் தீர்ந்துவிடும் என்ற பயம் நியாயம். தொற்றுக் காலத்தில் கடைசி வாரம் வரை இடம் கிடந்தது, கட்டணத்தைக்கூடச் சிலர் குறைத்தார்கள்.

தள்ளி வச்சா வச்சிட்டுப் போறாங்க. புதுத் தேதியில ஓடிக்கிடலாமே?

தேதி மாறினால் ஓட்டமும் மாறிவிடுகிறது. 2021 ஜனவரியில் நடக்க வேண்டிய மும்பை மாரத்தானை மே 30க்கு அறிவித்தார்கள். ஜனவரி மும்பைக்குப் பயிற்சி எடுத்தவர் மே மாத மும்பையில் ஓடுவதை நினைத்துப் பாருங்கள், அவிந்து போவார். அந்தத் தேதியும் நடக்கவில்லை. 2020 ஜனவரிக்குப் பிறகு அந்தப் பந்தயம் மறுபடி தெருவில் நடந்தது 2023 ஜனவரி 15 அன்றுதான். பாஸ்டன் கதையும் இப்படித்தான். 2020 ஏப்ரல் 20லிருந்து செப்டம்பர் 14க்குத் தள்ளி, பிறகு ரத்து செய்து, கடைசியில் 2021 அக்டோபர் 11ல் நடத்தினார்கள்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. ஒரு ஓட்டத்தை மூன்று மாதம் தள்ளினால் பயிற்சி மழையில் விழும், அல்லது பங்குனி வெயிலில் விழும். ஒருமுறை தள்ளிய பந்தயம் இன்னொரு முறையும் தள்ளும் என்று எடுத்துக்கொண்டு, முழு மாரத்தான் பயிற்சியை அதற்காகத் தொடங்காதீர்கள். பத்து கிலோமீட்டர் ஓடும் உடம்பை வைத்திருங்கள். தேதி உறுதியான பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

விர்ச்சுவல் ரன்னுக்குக் காசு கட்டுறது முட்டாத்தனமா?

ஊரில் ஓடிவிட்டு செயலியில் கணக்கைக் காட்டினால் பதக்கம் தபாலில் வரும், அதுதான் விர்ச்சுவல் ரன். 2020 நவம்பர் 29 அன்று டெல்லி அரை மாரத்தானில்கூட உயர்நிலை வீரர்கள் மட்டும் டெல்லித் தெருவில் ஓடினார்கள், மற்றவர்கள் அவரவர் ஊரில் ஓடி செயலியில் பதிவு செய்தார்கள். மேலே சொன்ன கவலைகளில் பாதி இதில் கிடையாது: ரயில் இல்லை, லாட்ஜ் இல்லை, நினைத்த நாளில் ஓடலாம்.

முட்டாள்தனமா என்றால், பதக்கத்துக்காக என்றால் ஆம், விடியற்காலையில் எழுந்திருக்க ஒரு சாக்கு வேண்டும் என்றால் இல்லை. எங்களில் ஐந்து பேர் அப்படி ஒன்றுக்குக் கட்டிவிட்டு நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரிக்கு ஓடினோம். தூரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஓட வேண்டிய தூரத்தில் மீதியைக் கடற்கரையில் அங்கும் இங்கும் ஓடிச் சேர்த்தோம். மீன் வாங்க வந்த ஒரு அக்கா, "எதையாவது தொலைச்சிட்டியளா மக்களே?" என்று கேட்டார்.

கவர்மென்ட்டே அனுமதி குடுத்தாச்சு. அப்ப பாதுகாப்புதானே?

அனுமதி என்றால் அன்றைய நிலவரத்தில் நடத்தலாம் என்று பொருள். உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுத்த கடிதம் இல்லை அது. கொடுத்த அனுமதி திரும்பவும் போகும்.

2022 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். 6ஆம் தேதி இரவு ஊரடங்கு வந்தது. 9, 16, 23 மூன்று ஞாயிறும் தமிழ்நாடு முழுக்க முழு ஊரடங்கு. பந்தயம் எந்தக் கிழமை வைப்பார்கள்? ஞாயிறு. வாரத்தில் ஆறு நாள் கடை திறந்திருந்தது, பஸ் ஓடியது, ஓட்டக்காரனுக்கு வேண்டிய அந்த ஒரு நாள்தான் பூட்டு. ஆகவே அந்தக் காலத்தில் பேர் கொடுக்கும்போது, ஓட்டம் என்றைக்கு என்பதையும் பாருங்கள்.

சென்னைக்கு 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 70தான். கேரளா ரேஸுக்கே பேர் குடுத்துருவோமா?

சாதாரண நாளில் நானும் அதைத்தான் சொல்வேன். மார்த்தாண்டத்துக்காரருக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம். தொற்றுக் காலத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது, எத்தனை சோதனைச்சாவடி என்று எண்ணித்தான் அளக்க வேண்டும். 2020ல் மாவட்டம் தாண்டவே இ-பாஸ் கேட்டார்கள், அது ஆகஸ்ட் கடைசி வரை நீடித்தது. 2021 ஆகஸ்டில் கேரளத்தில் இருந்து தமிழ்நாட்டுக்குள் வருகிறவர்களிடம் ஆர்டிபிசிஆர் முடிவோ இரண்டு ஊசி போட்ட சான்றோ கேட்டார்கள். போவது எளிது, ஞாயிறு மத்தியானம் எல்லையான களியக்காவிளையில் திரும்பி வருவதற்குத்தான் காகிதம் வேண்டும்.

இரண்டு அரசுகளும் ஒரே நாளில் ஒரே விதியைப் போடுவதும் இல்லை. 2022 ஜனவரி 30 ஞாயிறன்று தமிழ்நாட்டில் ஞாயிறு ஊரடங்கு நீங்கிவிட்டது, கேரளத்தில் அன்றைக்கும் ஊரடங்கு போன்ற கட்டுப்பாடு. எல்லை தாண்டும் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தால், புறப்படும் முன் இரண்டு பக்கத்து உத்தரவையும் படிக்க வேண்டும். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் உள்ளூரில் ஓடலாம்.

ரெண்டு ஊசியும் போட்டாச்சு. இனி என்ன பயம்?

ஊசி போட்டவருக்கு நோய் முற்றி ஆஸ்பத்திரி வரை போகும் ஆபத்து நன்றாகக் குறைகிறது. தொற்றிக்கொள்ளவே மாட்டார், வீட்டுக்குக் கொண்டுவரவே மாட்டார் என்பது இல்லை. 2022 ஜனவரி ஓமிக்ரான் அலையில் ஊசி போட்ட பலருக்கும் வந்தது. இன்னொரு சின்ன விஷயம், ஊசி போட்ட மறுநாளோ காய்ச்சலும் கைவலியும் இருக்கும்போதோ நீண்ட ஓட்டம் வேண்டாம். பந்தய வாரத்தில் ஊசித் தேதி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாஸ்க் போட்டுக்கிட்டு ஓடணுமா?

ஓடும்போது வேண்டாம். கடும் உடற்பயிற்சியின்போது முகக்கவசம் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது. வியர்வையில் நனைந்தால் மூச்சு முட்டும். புறப்படும் கூட்டத்திலும் பிப் வரிசையிலும் ரயிலிலும் போடுங்கள். பையில் காய்ந்த ஒன்று தனியாக இருக்கட்டும்.

எனக்க அம்மைக்கு 78 வயசு, சுகர் உண்டு. நான் போகலாமா?

கேட்டதிலேயே கடினமான கேள்வி இது. மூன்று பேருக்கு மூன்று பதில் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு வந்தால் உங்களுக்கு மூன்று நாள் காய்ச்சல், அம்மாவுக்கு வந்தால் கதை வேறு. நீங்கள் எடுக்கும் ஆபத்துக்கு அவர் விலை கொடுக்கிறார், பேர் கொடுக்கும் படிவத்தில் அவர் கையெழுத்து இல்லை. ஆகவே முதலில் அவரிடம் கேளுங்கள். "அம்மா, நான் போயிட்டு வந்தா ஒரு வாரம் உன் பக்கத்துல வரமாட்டேன், சரியா?" என்று கேட்டால் பல அம்மாக்கள் போகச் சொல்லிவிடுவார்கள். அப்புறம்தான் அந்த ஒரு வாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அந்த வாரம் யார் அவருக்கு இன்சுலின் போடுவது, யார் சாப்பாடு எடுத்துக் கொடுப்பது, வீட்டில் தனி அறையும் தனிக் குளியலறையும் இருக்கிறதா? இதற்கெல்லாம் பதில் இருந்தால் போகலாம். ஒரே அறை வீட்டில், நீங்கள் மட்டும்தான் துணை என்றால், அலை ஏறிக்கொண்டிருக்கும் மாதத்தில் போகாதீர்கள், இறங்கிய பிறகு எத்தனையோ ஞாயிறு உண்டு. ஆஸ்துமா உள்ள பிள்ளை, சிறுநீரக நோயாளி, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தாலும் இதே கணக்குதான்.

2021 டிசம்பரில் நான் ஒரு வெளியூர் ஓட்டத்துக்குப் போய்விட்டு வந்து மாடி அறையில் ஐந்து நாள் இருந்தேன். அம்மா கீழே. நாலாம் நாள், முட்டுவலியோடு, கைப்பிடி இல்லாத மாடிப்படியில் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு ஏறி வந்துவிட்டாள். பிள்ளை பட்டினி கிடக்கிறானாம். கொரோனாவைவிட அந்தப் படிதான் என்னைப் பயமுறுத்தியது. தனியாக இருக்கப் போகிறவர் மாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எனக்கு வந்து போயாச்சு. பேர் குடுத்த ஹாஃப் மாரத்தானுக்கு அஞ்சு வாரம் இருக்கு. ஓடலாமா?

லேசாக வந்து போனவர்களுக்கு விளையாட்டு மருத்துவர்கள் 2020ல் சொன்ன வழி இது: அறிகுறி தொடங்கியதிலிருந்து குறைந்தது 10 நாள் ஓய்வு, மாத்திரை இல்லாமலே அறிகுறி எதுவும் இல்லாமல் 7 நாள் கடந்திருக்க வேண்டும், அதன் பிறகு நடையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். காரணம் இதயம். இந்தக் கிருமி சிலருக்கு இதயத் தசையில் வீக்கம் உண்டாக்கும். அந்த நிலையில் கடுமையாக ஓடுவது உயிருக்கே ஆபத்து.

நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல், முன்பு எளிதாக ஓடிய வேகத்தில் மூச்சுத்திணறல், இதில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய் ஈசிஜி எடுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் நடையைக்கூடத் தொடங்க வேண்டாம். உங்கள் ஐந்து வாரத்தில் ஓய்வுக்கு இரண்டு போனால் மீதி மூன்று. மூன்று வாரத்தில் அரை மாரத்தான் உடம்பு வராது. பத்து கிலோமீட்டருக்கு மாற்றிக் கேளுங்கள், பல இடங்களில் மாற்றித் தருவார்கள். வேகத்தை மறந்துவிட்டுப் பைய ஓடுங்கள்.

நாளைக்கு ரேஸ். ரெண்டு நாளா தொண்டை கரகரப்பு. வீட்டுல டெஸ்ட் பண்ணேன், நெகட்டிவ். டிக்கெட், ரூம் எல்லாம் போட்டாச்சு…

வேண்டாம். வீட்டில் செய்யும் சோதனை முதல் ஓரிரு நாளில் நோயைத் தவறவிடக்கூடும். கொரோனா இல்லாமல் வெறும் சளிக் காய்ச்சல் என்றாலும் அந்த உடம்போடு 21 கிலோமீட்டர் ஓடக் கூடாது. முதல் கேள்வியின் பதிலை மறுபடி பாருங்கள். டிக்கெட்டும் ரூமும் பழைய முடிவு. நீங்கள் இப்போது எடுப்பது புது முடிவு, அந்தப் பணம் நீங்கள் போனாலும் திரும்பாது, போகாவிட்டாலும் திரும்பாது. இந்தக் கேள்வியின் கடைசியில் புள்ளி புள்ளியாக விட்டிருக்கிறீர்களே, பதில் உங்களுக்கே தெரியும்.

அப்ப எனக்க பிப்புல தம்பி ஓடட்டுமா? காசாவது வீணாகாது.

பிப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ரத்த வகை, ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எல்லாம் உங்களுடையது. தம்பி 18வது கிலோமீட்டரில் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ்காரர் உங்கள் மனைவிக்குப் போன் செய்து உங்களுக்கு முடியவில்லை என்று சொல்வார். தொற்றுக் காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: பின்னால் யாருக்காவது நோய் என்று தெரிந்தால், அங்கே இருந்தவர்களைத் தேடி உங்களைத்தான் அழைப்பார்கள். அதிகாரப்பூர்வமாகப் பெயர் மாற்றித் தருகிற பந்தயங்கள் உண்டு. கேட்டுப் பாருங்கள், இல்லை என்றால் விடுங்கள்.

ஏழு பேர் சேர்ந்து வேன் பிடிச்சோம். ஒருத்தனுக்குக் காய்ச்சல், வரல. அவனுக்க பங்கை யாரு குடுக்கது?

பழைய வழக்கம், வராதவனும் பங்கு கொடுக்க வேண்டும். வேன் அவனுக்காகவும் பேசியதுதானே. எங்கள் குழுவிலும் அதே வழக்கம் இருந்தது, 2021 கடைசி வரை. அந்த வருடம் மதுரைக்கு ஒரு வேன், 6,300 ரூபாய், ஆளுக்கு 900. ஒருவர் முந்தின நாளே இருமிக்கொண்டிருந்தார். 900 ரூபாய் போய்விடுமே என்று வந்தார். சன்னல் ஓரத்தில் உட்காரவைத்தோம். அடுத்த வாரம் வேனில் இருந்த மேலும் மூன்று பேர் படுத்தார்கள். அவரைத் திட்டினோம். பிறகு யோசித்தபோது, அவரை வரவழைத்ததே நாங்கள் வைத்திருந்த விதிதான் என்று பட்டது.

அடுத்த கூட்டத்தில் மாற்றினோம்: காய்ச்சல், இருமல் என்று நிற்பவர் பங்கு தர வேண்டாம், மற்றவர்கள் பகிர்ந்துகொள்வோம். 900ஐ ஆறு பேர் பிரித்தால் ஆளுக்கு 150. இதையும் பேர் கொடுக்கும் நாளிலேயே பேசி முடித்துவிட வேண்டும், வேன் வாசலில் நிற்கும்போது பேசினால் சண்டைதான். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் தூங்கியவரும் உண்டு, எங்களுக்குத் தெரியும். கேட்கவில்லை. ஒருவர் தூக்கத்துக்கு ஆளுக்கு 150 ரூபாய் செலவானது, டாக்டர் ஃபீசைவிட மலிவு.

சார், எங்க ஊர் மன்றத்துல பொங்கலுக்கு மினி மாரத்தான் வைக்கலாம்னு பாக்கோம். பேர் வாங்கலாமா?

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது ஒன்றுதான். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வழுக்குமரம், கயிறு இழுத்தல், மெதுவாக சைக்கிள் ஓட்டுதல் என்று நடத்தும் மன்றங்கள் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. நூறு பேர் ஓடுகிற உள்ளூர் ஓட்டம், பத்தாயிரம் பேர் கூடும் நகரத்து ஓட்டத்தைவிடத் தொற்றுக் காலத்துக்குப் பொருத்தம். யாரும் லாட்ஜில் தங்க வேண்டாம், எல்லோரும் நடந்து வருவார்கள்.

பேரை முன்பே வாங்குங்கள், பணத்தை ஓட்டத்துக்கு முந்தின வாரம் வாங்குங்கள். போலீஸ் அனுமதிக்கு எழுதிக் கொடுக்கும்போதே மாற்றுத் தேதி ஒன்றையும் மனதில் வையுங்கள். இருபது இருபது பேராக ஐந்து நிமிட இடைவெளியில் அனுப்புங்கள், நேரத்தை அவரவர் புறப்பட்டதிலிருந்து எண்ணினால் போதும். சானல்கரை (கால்வாய்க்கரை) ரோட்டில் வைத்தால் போகும் கரையும் வரும் கரையும் வேறாக இருக்கட்டும். மூச்சிரைத்து வருகிறவர்கள் எதிரெதிரே உரசிக்கொள்ள வேண்டாம். உப்புமா அண்டா வேண்டாம், மட்டி வாழைப்பழம் கொடுங்கள், தோல் இருப்பதால் ஒருவர் கை பட்டது இன்னொருவர் வாய்க்குப் போகாது. வயசானவர்களைக் கொடியசைக்கக் கூப்பிட்டு மேடையில் ஒரு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள்.

அப்புறம், பதக்கத்தில் வருடத்தைப் பொறிக்காதீர்கள். பக்கத்து ஊர் மன்றம் ஒன்று 2020 என்று அடித்துவைத்த 150 பதக்கத்தை 2023ல் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தது. பரிசளிப்பு முடிவதற்குள் வியர்வையில் பாதி ஸ்டிக்கர் கழன்று விழுந்தது.